வீட்டில் கோழியும் வளர்த்து, அலங்காரமும் கையால் பின்னி, கிறிஸ்துமஸுக்கு எப்படித் தயாராகிறீர்கள்?

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை ஆனி மாதமே தொடங்கிவிடும். முதலில் தொடங்குவது கோழி.

திசையன்விளைக்குப் பக்கத்தில் தேரிமண் என்னும் செம்மணலும் பனையும் உள்ள ஊர் எங்களுடையது. வீட்டில் நான், கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள். கொல்லையில் பதினான்கு பெட்டை, ஒரு சேவல். எல்லாமே நாட்டுக்கோழி. பண்டிகைக்கு மூன்று கேக்கும், ஒரு பெரிய தூக்குப் போணி நிறைய அச்சு முறுக்கும் செய்வோம். இரண்டுக்கும் சேர்த்து நாற்பது முட்டையாவது வேண்டும். அந்த நாற்பதும் எங்கள் கொல்லையிலிருந்தே வரவேண்டும் என்பது அத்தையின் விருப்பம். இப்போது எனக்கும் அதே விருப்பம்தான்.

நாட்டுக்கோழி தினம் முட்டை போடாது. பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டதும் அடை கேட்கும், அதாவது முட்டை மேல் உட்காரப் பார்க்கும். அடையில் 21 நாள் இருந்து பொரித்தால், குஞ்சுகளை இரண்டு மூன்று மாதம் கூட்டிக்கொண்டு திரியும். அதுவரை முட்டை கிடையாது. அதனால் ஆனியில் அடை கேட்கும் கோழிகளைத் தாராளமாக வைத்துவிடுவேன். அந்தக் குஞ்சுகளில் சேவலாக நிற்பவை டிசம்பருக்கு ஐந்து மாதம் தாண்டி, பண்டிகைக் குழம்புக்கு ஆகிவிடும். தாய்க்கோழிகளும் ஐப்பசி கடைசியில் மறுபடி முட்டைக்கு வரும்.

கார்த்திகை பிறந்த பிறகு அடை கேட்கும் கோழியைத்தான் கவனிக்க வேண்டும். அதை அடையில் விட்டால் கேக்குக்கு முட்டை இல்லை. தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை தெளியும் என்று ஊரில் செய்வார்கள். மழைக்காலத்தில் நான் அதைச் செய்வதில்லை, கோழிக்குச் சளி பிடித்துவிடும். முட்டையிடும் இடம் கண்ணில் படாதபடி வேறு பக்கம் பஞ்சாரத்தில், அதாவது கோழி மூடும் கூடையில், கவிழ்த்து, இரையும் தண்ணீரும் வைத்துவிடுவேன். அடியில் வைக்கோல் போடக்கூடாது, வெறுந்தரைதான். மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். மறுபடி முட்டை போட இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே நவம்பர் 20-க்குப் பிறகு தெளியவைத்தால் கேக்குக்கு உதவாது.

சில கோழிகள் அந்தச் சமயத்தில் இறகு உதிர்க்கும். உடம்பின் சத்தெல்லாம் புது இறகுக்குப் போய்விடுவதால் முட்டை நின்றுவிடும். அவற்றுக்குக் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் தவிட்டில் பிசைந்து வைப்பேன். மழைக்கு முன்பே, புரட்டாசியில், கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கோழிக்கு வந்தால் ஒரு வாரத்தில் கூடே காலியாகும்.

சேர்த்துவைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் பூச்சு போய்விட்டால் சீக்கிரம் கெடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துத் தவிட்டுப் பானையில் அடுக்குவேன். கேக் அடிக்கும் நாளில் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். படுத்துக் கிடந்தால் புதிது, நட்டுக்கொண்டு நின்றால் நாளானது, மிதந்தால் எறிந்துவிடலாம். கேக் குறிப்புகளில் நான்கு முட்டை என்று போட்டிருந்தால் நான் ஐந்து உடைப்பேன். பண்ணை முட்டையைவிட நாட்டு முட்டை சிறியது.

இனி பின்னல். எங்கள் வெயிலுக்குக் கம்பளி நூல் வேண்டாம். நான் பின்னுவது பருத்தி நூலில், குரோஷா என்னும் கொக்கி ஊசியால். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நூல் வேலை புதிதில்லை. நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா. அவர்களுடைய மகள் எலைசாதான் 1844-இல் கால்டுவெல்லைத் திருமணம் செய்து, எங்களுக்கு அடுத்த ஊரான இடையன்குடிக்கு வந்து இங்கேயும் அந்த வேலையைக் கொண்டுவந்தார். அது தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும் நுணுக்கமான வேலை. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது அத்தை பள்ளிக்கூடத்தில் படித்து எனக்குச் சொல்லித்தந்த குரோஷா.

நான் பின்னும் அலங்கார நட்சத்திரம் மிக எளிது. ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கி, அதற்குள் பன்னிரண்டு டிரெபிள் என்னும் உயரப் பின்னல் ஏற்றுவேன். இரண்டு டிரெபிளுக்கு ஒரு முனை என்று எடுத்தால் ஆறு முனை வரும். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். அப்படியே தொங்கவிட்டால் துவண்டு கிடக்கும், கஞ்சி போட்டால்தான் நிமிரும். ஜவ்வரிசியைக் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி வடிகட்டி, நட்சத்திரத்தை முக்கிப் பிழிந்து, துணி விரித்த பலகையில் முனை முனையாகக் குண்டூசி குத்தி வெயிலில் காயவைக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். டிசம்பரில் கஞ்சி போட்டால் மழை ஈரத்தில் காயாது, பூஞ்சை பிடிக்கும். புரட்டாசி வெயிலிலேயே முடித்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள்.

டப்பா என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை தென் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எங்கள் கோழிக்கூட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கணவரும் மகனும் இருட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கிவந்து பட்டாசலில், அதாவது வீட்டின் கூடத்தில், விட்டார்கள். அதில் ஒரு கோழி, ஓலைக் கட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் அடை கிடந்து அந்த மாதத் தொடக்கத்தில் ஏழு குஞ்சோடு வெளியே வந்தது. குஞ்சுகளுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அதே பட்டாசலில்தான் நான் நட்சத்திரங்களைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருந்தேன், மறுநாள் சவுக்குக் கிளையில் கட்டுவதற்காக. ஈரக்காற்றில் கஞ்சி இளகிவிட்டது. குஞ்சுகளுக்கு ஜவ்வரிசி வாசனை போதாதா? கொத்தி இழுத்து நூலைப் பிரித்துவிட்டன. யாரும் பார்க்கவில்லை, மின்சாரமும் இல்லை.

மறுநாள் மாலை ஒரு குஞ்சு நொண்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவிரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. அடியில் என் வெள்ளை நூல். தோலுக்குள் இறங்கி, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அப்படியே விட்டிருந்தால் விரல் செத்து விழுந்திருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தோம். அத்தை குஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, கால் மட்டும் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டார். என்னிடம் இருந்த ஊசிகளிலேயே மெல்லிய குரோஷா ஊசியை நூலுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தேன். என் கை நடுங்கியது.

“பதறாத மக்களே. மெதுவா எடு. அது அசையாது, நான் பிடிச்சிருக்கேன்.”

மூன்றாம் தடவை கொக்கியில் ஒரு இழை மாட்டியது. லேசாகத் தூக்கி, நகம் வெட்டும் கத்தரியால் அதை மட்டும் நறுக்கினேன். பிறகு ஒவ்வொரு சுற்றாக, மொத்தம் நான்கு சுற்று. கடைசிச் சுற்று வரும்போது கொஞ்சம் ரத்தமும் வந்தது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, அன்று இரவு அடுக்களையில் ஒரு கூடையில் தாயோடு மூடிவைத்தோம். காலையில் காலை ஊன்றி நின்றது.

நீங்களும் கோழியையும் நூலையும் ஒரே வீட்டில் வைத்திருந்தால், ஒரு விரல் நீள நூல்கூடக் கீழே கிடக்கக் கூடாது. கொல்லையில் கோழி மேயும் நேரத்தில் அங்கே உட்கார்ந்து பின்னாதீர்கள். நான் இப்போது கோழிகள் அடைந்த பிறகுதான், மாலை ஆறரைக்கு மேல், ஊசியை எடுக்கிறேன். வெட்டும் துண்டு நூலெல்லாம் பழைய பால்மாவு டப்பாவுக்குள் போகும்.

சீரியல் லைட்டையும் கூட்டின் பக்கம் கட்டாதீர்கள், கோழிக்கு இருட்டில்தான் தூக்கம். கேரல் பாட வருகிறவர்களிடம் கூட்டுப் பக்கம் வெடி போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அந்த இரவுகளில் கூட்டைச் சுற்றிக் காற்று போக இடம் விட்டுச் சாக்கும் கட்டுவோம். பண்டிகை அதிகாலை ஆராதனைக்கு நாங்கள் கிளம்பும்போது கோழிகள் இன்னும் இறங்கியிருக்காது. எனவே முந்தின மாலையே தண்ணீரும் கம்புத் தானியமும் வைத்துவிட்டால் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குஞ்சு பெட்டையாக வளர்ந்தது. நடுவிரல் மட்டும் சற்று வளைந்திருக்கும், அதனால் மண்ணில் அதன் காலடியைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த கிறிஸ்துமஸ் கேக்கில் அதன் முட்டை பதினொன்று. இந்த வாரம் அது அடை கேட்டு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கிடக்கிறது. நேற்றுதான் பஞ்சாரத்தில் கவிழ்த்தேன். நான் பின்ன வேண்டிய நட்சத்திரம் இன்னும் எட்டு பாக்கி.