எல்விஸ் போட்ட பிச்சையா?

கேள்வி: 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை எழுதிய கருப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப்பை, வெள்ளையினப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஏமாற்றிவிட்டதாக ஆளாளுக்குக் குமுறுகிறார்கள். எல்விஸ் பாடியிராவிட்டால் அந்தக் கிழவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? அவரல்லவா எல்விஸுக்கு நன்றி சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1954 ஜூலையில் மெம்பிஸின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் அதைப் பாடியபோது க்ரூடப்புக்கு வயது 48. கிழவராம்! அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1946இல், சிகாகோவில் அவரே அதைப் பாடிப் பதிவு செய்துவிட்டார். யாருக்கும் தெரியாதவரை ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனம் 1941 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப அழைத்துப் பாடவைக்குமா? கருப்பின மக்கள் அவருடைய இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அவர்களும் 'யாரோ' கணக்கில் சேர்த்திதானே?

எல்விஸைத் திருடன் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1956இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தன் சொந்த ஊரான டுபெலோவில் க்ரூடப்பைக் கேட்டு வளர்ந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார். தவிர, க்ரூடப் பாடிய ப்ளூஸ் என்ற கருப்பின மக்களின் இசையில் வரிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டிலேயே சில வரிகள் 1926இல் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற ப்ளூஸ் பாடகர் பாடியவைதாம். பாட்டு கைமாறியதில் குற்றமில்லை. பணம் எங்கே போனது என்று கேளுங்கள்.

க்ரூடப் மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற ஊரில் 1905இல் பிறந்தவர். முப்பது வயதை ஒட்டித்தான் கிட்டாரைத் தொட்டார். விரல் வித்தை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். குரல்தான் அவருடைய சொத்து. பக்திப் பாடல் குழுவோடு சிகாகோவுக்கு வந்து, பிழைப்பில்லாமல், மேம்பால ரயில் நிலையத்தின் கீழே ஒரு மரப்பெட்டியில் படுத்துக்கொண்டு தெருவில் வாசித்தார். லெஸ்டர் மெல்ரோஸ் அங்கேதான் அவரைக் கண்டெடுத்தார். இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடகர்களைப் பிடித்துத் தருவதும், அவர்களுடைய பாடல்களின் உரிமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்குவதும் மெல்ரோஸின் தொழில். பாடியவருக்குப் பதிவன்று கிடைக்கும் கைக்காசு. பாட்டு விற்க விற்க வரும் பங்கான ராயல்டி மெல்ரோஸின் பக்கம். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் க்ரூடப் மிசிசிப்பிக்குத் திரும்பிக் கூலி வேலை பார்த்தார். எல்லாரையும் பணக்காரர்களாக்கிவிட்டுத் தான் மட்டும் ஏழையாகவே கிடப்பது உறைத்ததும், 1950களின் நடுவில் பதிவு செய்வதையே விட்டுவிட்டார். எல்விஸ் 1956இல் அவருடைய இன்னும் இரண்டு பாடல்களைப் பாடி உலகம் அதிர்ந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் இதுவும்!

1960களில் ப்ளூஸ் ஆர்வலர்கள் அவரை மறுபடி மேடையேற்றினார்கள். மேலாளர் டிக் வாட்டர்மன் ராயல்டி நிலுவைக்காகப் போராடி, அப்போது உரிமையை வைத்திருந்த ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தை 60,000 டாலருக்குச் சம்மதிக்கவைத்தார். க்ரூடப் பிள்ளைகளோடு நியூயார்க் போய்க் கையெழுத்துப் போட்டார். தாள்கள் உள்ளே போயின. வழக்குப் போட்டாலே இவ்வளவு தரவேண்டியிருக்காது என்று சொல்லி நிறுவனத்தின் தலைவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். வெறுங்கையோடு ஊர் திரும்பியவரிடம்தான் நீங்கள் நன்றி கேட்கிறீர்கள்.

1974 மார்ச்சில் வெர்ஜீனியாவில் அவர் இறந்தார். பிறகு அந்தப் பதிப்பு நிறுவனம் கைமாறும் வேளை வந்தது. நிலுவையில் ஒரு தகராறு இருந்தால் விற்பனை நடக்காதே! உடனே க்ரூடப்பின் வாரிசுகளுக்குப் பணம் வரத் தொடங்கியது.