வெளிர் நிறங்களாகவே அடித்தால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடாதா? குழந்தைகள் வேறு இருக்கிறார்கள்.

சாயலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அப்படி ஆகாது. கடையில் எல்லா வெளிர் நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றிலும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு சாயல் ஒளிந்திருக்கும். நிற அட்டையை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். நேரடி வெயில் படாத அறைக்குள் வருகிற வெளிச்சமே லேசாக நீலம் பூத்திருக்கும். அங்கே நீலச் சாம்பலை அடித்தால்தான் நீங்கள் பயப்படும் ஆஸ்பத்திரிக் களை வரும். மஞ்சள் கலந்த கிரீம் அதைச் சரிக்கட்டும்.

பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் மாலையிலும் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல்பையும் மறக்காதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700 கெல்வின் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். நீலம் பூத்த வெள்ளையான 6500 போட்டால் எவ்வளவு நல்ல கிரீமும் செத்துப்போகும்.

அப்புறம், நிறம் அடக்கமாக இருக்கிற அறையில் பொருட்களின் மேற்பரப்புதான் பேச வேண்டும். சொரசொரப்பான லினன் திரை, முடிச்சு முடிச்சாகத் தெரியும் கம்பளி விரிப்பு, ரேகை மறையாத மரம். எல்லாமே வழவழ வெள்ளையாக இருந்தால் கண் எங்கேயும் நிற்காது. அடர் பழுப்புச் சட்டமோ கறுப்பு விளக்குத் தண்டோ ஒன்றிரண்டு இருக்கட்டும்.

கறைக்கு? உறையைக் கழற்றித் துவைக்கிற சோபா வாங்குங்கள். பளபளப்பே இல்லாத முழு மேட் பெயின்ட் அழகுதான், ஆனால் தேய்த்துத் துடைத்த இடம் பளபளக்கத் தொடங்கும். கை படுகிற சுவர்களுக்கு லேசான பளபளப்புள்ள சாட்டின் வகையே மேல்.