காப்பிக்கு எத்தனை ‘பி’?

கேள்வி: என் மகள் மதுரையில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பாடத்தைக் கேட்டால் தடையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் ஆங்கிலத் தேர்வில் ஸ்பெல்லிங் பிழைகளுக்காகவே மதிப்பெண் குறைகிறது. தவறிய சொல் ஒவ்வொன்றையும் இருபது முறை இம்போசிஷன் எழுத வைத்தும், அடுத்த தேர்வில் அதே சொற்களில் தவறுகிறாள். திருத்திய தாளிலிருந்து சில சொற்களை அனுப்பியுள்ளேன். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருமங்கலம்.

பதில்: முதலில் இம்போசிஷனை நிறுத்திவிடுங்கள், சகோதரி. இருபது முறை எழுதும் பிள்ளை, முதல் வரியைப் பார்த்து இரண்டாவதையும் இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதையும் எழுதுகிறது. சொல்லின் முதல் எழுத்தை மேலிருந்து கீழாக இருபது முறை போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும் கெட்டிக்காரர்களையும் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். கை வலிக்கிறதே தவிர, சொல்லை நினைவிலிருந்து எடுக்கும் வேலை ஒரு முறைகூட நடப்பதில்லை. தேர்வறையில் தேவைப்படுவதோ அந்த வேலைதான்.

தாங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால், தங்கள் மகள் கவனக்குறைவால் தவறியதாகத் தெரியவில்லை. நகலைக் குறிக்கும் ‘காப்பி’க்கு இரண்டு ‘பி’யும், ‘சிட்டி’க்கு இரண்டு ‘டி’யும் போட்டிருக்கிறாள், ‘பேங்க்’ என்பதை ‘ஜி’யில் முடித்திருக்கிறாள், ‘பம்ப்’ என்பதன் இறுதியில் பேனாவுக்குரிய ‘பி’க்குப் பதிலாக பஸ்ஸுக்குரிய ‘பி’யை எழுதியிருக்கிறாள். (ஆங்கிலத்தில் இரு வேறு எழுத்துகளான இவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதே சிக்கலின் பாதியைச் சொல்லிவிடுகிறது.) இந்த நான்கும் தமிழ்க் காது செய்யும் பிழைகள்.

நம் மொழியில் ஒரே பகரம் ‘பல்’ என்னும்போது வன்மையாகவும், ‘கோபம்’ என்னும்போது மென்மையாகவும் ஒலிக்கிறது. சொல்லின் நடுவில் வன்மையான ஒலி வேண்டுமானால் ‘அப்பம்’ என்பது போல எழுத்தை இரட்டிக்க வேண்டும். மெல்லினத்தை அடுத்து வந்தாலோ ‘பாம்பு’ என்பது போல ஒலி தானாகவே மென்மையாகிவிடும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த குழந்தை காப்பியில் இரண்டு ‘பி’ கேட்பதிலும், தோட்டத்துப் பம்பைப் பாம்பு போலவே உச்சரித்து, உச்சரித்தபடியே எழுதுவதிலும் வியப்பில்லை. வீட்டில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? எனவே, ‘காதால் கேட்டு எழுது’ என்று அவளிடம் சொல்வதால் பயனில்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு பேனாவின் ‘பி’யையும் பஸ்ஸின் ‘பி’யையும் மாறி மாறிச் சொல்லச் செய்யுங்கள், இரண்டாவதில் ஒலி தொடங்கும்போதே தொண்டை அதிர்வதை விரலே காட்டிக்கொடுக்கும். காப்பி, சிட்டி போன்றவற்றில் எழுத்து இரட்டிக்காது என்பதைக் கண்ணால்தான் பழக வேண்டும்.

கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லில் முதலில் நிற்கும் ‘கே’யை அவள் விட்டிருப்பது வேறு வகை. அந்த ‘கே’ ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துதான். 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டு மெல்ல நிலைபெற, உச்சரிப்போ தன் போக்கில் மாறிக்கொண்டே போயிற்று. இத்தகைய சொற்களை வீட்டுக்குள் மட்டும் ‘க்நைஃப்’, ‘வெட்-நெஸ்-டே’ என்று எழுத்துக்கு எழுத்து ஒலித்துப் பழகலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். அவள் சொல்லைப் பார்க்கட்டும், தாளால் மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், பிறகு தானே ஒப்பிட்டுத் தவறிய எழுத்தை மட்டும் வட்டமிடட்டும். அதே ஐந்தை இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் தாங்கள் சொல்ல, அவள் எழுத வேண்டும். இந்த இடைவெளியை விட்டுவிட்டால் உழைப்பு வீணாகும். பிழைகளுக்கென்று ஒரு தனி நோட்டு இருக்கட்டும். விடுமுறையில் மதுரைக்கு வரும்போது, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அவளுக்குப் பிடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை எடுத்துக்கொடுங்கள்.

தேர்வறையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உரைப்பத்தியைப் படித்து விடை எழுதும் வினாக்களில் தேவையான சொற்கள் பெரும்பாலும் வினாத்தாளிலேயே அச்சாகியிருக்கும். அவற்றைப் பார்த்து எழுதாமல் நினைவிலிருந்து எழுதித் தவறுவோர் பலர். கடைசி ஐந்து நிமிடங்களில் விடைத்தாள் முழுவதையும் படிப்பதைவிட, தன் பிழை நோட்டில் இடம்பெற்ற சொற்கள் எங்கே வந்திருக்கின்றன என்று தேடிப் பார்ப்பது மேல்.

கேள்வி: நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்ற சொல்லைப் பாடநூலில் உள்ளபடி ‘யூ’ சேர்த்து எழுதினால் கணினி சிவப்புக் கோடு போடுகிறது. என் மகன் எதை நம்புவது?
– ஒரு தந்தை, மேலூர்.

பதில்: பாடநூலைத்தான். ‘யூ’ இல்லாத வடிவம் அமெரிக்க வழக்கு. 1828-இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி அதை அங்கே நிலைநிறுத்த உதவியது. நம் பாடநூல்கள் பிரிட்டன் வழக்கைப் பின்பற்றுகின்றன. கணினியின் மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் என்றிருப்பதை இந்திய ஆங்கிலம் என்று மாற்றினால் சிவப்புக் கோடு மறைந்துவிடும்.