விமானத்தில் வந்த ஒரு வாரத்தில் ஒரு கால் மட்டும் வீங்கினால் அது ரத்த உறைவா?

கேட்கப்பட்டது இது: "அம்மாவுக்கு 61 வயது. அமெரிக்காவில் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தார். பெங்களூரில் இறங்கி, காரில் காரிமங்கலம் வந்து 6 நாள் ஆகிறது. இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் கனக்கிறது, வீங்கியும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை ரத்தக்கட்டு என்று சொல்லிப் பற்றுப் போடச் சொல்கிறார். விமானத்தில் வந்தால் ரத்தம் உறையும் என்கிறார்களே, இது அதுதானா?"

அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பற்றுப் போட வேண்டாம். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். இன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், டாப்ளர் ஸ்கேன் (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். காரணங்களைக் கீழே எழுதுகிறேன், போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

இந்த நோயில் 'ரத்தக்கட்டு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. நம் பக்கம் அடிபட்டுத் தோலுக்கு அடியில் நீலம் பாய்வதைத்தான் ரத்தக்கட்டு என்போம். அதற்கு மூசாம்பரப் பற்றுப் போடுவது வழக்கம். இங்கே நாம் பேசுவது கெண்டைச் சதைக்கு உள்ளே ஓடும் ஆழமான சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள், ரத்தம் உறைந்து நிற்பதை. வெளியே பெரும்பாலும் அப்படி நீலம் இருக்காது, அடிபட்ட நினைவும் இருக்காது. இதை அழுத்தி நீவினால் உறைந்த துண்டு பிய்ந்து, மேலே ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் போய் அடைக்கலாம். காலில் இருக்கும்வரை சிகிச்சை எளிது. நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் பார்க்கக்கூடியவை சில உண்டு. ஆனால் இவை மருத்துவரிடம் போவதற்குப் பதில் அல்ல. அம்மாவைப் படுக்க வைத்து, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பை எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து சரியாக 10 செ.மீ. கீழே பேனாவால் புள்ளி வைத்து, அந்த இடத்தில் கெண்டைக்காலின் சுற்றளவை எடுங்கள். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் எடுக்க வேண்டும். கண்ணளவில் எடுத்தால் அளவு பொய்யாகும். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதை முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வீங்கிய காலில் மட்டும் குழி விழுகிறதா? கெண்டைச் சதையின் நடுவில், ஆழத்தில், தொட்டால் வலிக்கிறதா? மற்றக் காலைவிடச் சூடாகவோ சிவந்தோ இருக்கிறதா? இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் கெண்டையில் வலித்தால் உறைவு என்று பழைய சோதனை ஒன்று உண்டு. அதை நம்ப முடியாது. வலிக்காதவர்களுக்கும் உறைவு இருக்கும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி கணுக்காலில் வீங்கி, காலையில் எழுந்தால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் நெடுநேரம் தொங்கவிட்ட காலில் இறங்கிய நீர். ஓரிரு நாளில் வடிந்துவிடும். வந்து இறங்கிய நாளில் இல்லாமல், நாலைந்து நாள் கழித்து, ஒரு காலில் மட்டும் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் வீக்கம்தான் கவலைக்குரியது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கே யாருக்குக் கால் வலித்தாலும் 'ஃப்ளோரைடு தண்ணி' என்று முடித்துவிடுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் வருடக்கணக்கில் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்களுக்கு ஃப்ளோரைடு மூட்டையும் எலும்பையும் பாதித்திருக்கலாம், அது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் இறுக்கம். இரண்டே நாளில் ஒரு கெண்டைக்காலை மட்டும் வீங்க வைக்காது. மாறாக, கொப்புளம் அல்லது வெடிப்பிலிருந்து கிருமி ஏறிய தோல் அழற்சி, முழங்காலுக்குப் பின்னால் உள்ள நீர்க்கட்டி உடைவது, சதைநார் கிழிவது ஆகியவை அச்சு அசலாக இந்த உறைவைப் போலவே தோன்றும். பார்த்தே பிரிக்க முடியாது என்பதால்தான் ஸ்கேன்.

ஏன் வருகிறது? காலிலிருந்து ரத்தம் மேலே ஏற இதயத்தின் உந்துதல் போதாது. நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி சிரையைப் பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் பிழிந்த ரத்தத்தைக் கீழே திரும்ப விடாமல் பிடிக்கின்றன. முழங்காலை மடக்கி ஆடாமல் உட்கார்ந்தால் பிழிவது நிற்கிறது, முழங்காலுக்குப் பின்னால் சிரையும் நெரிகிறது, ரத்தம் தேங்குகிறது. விமானம்தான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடங்களில் இரவு முழுக்கச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் நுரையீரல் அடைப்பில் இறந்ததை அப்போதே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் அதையே சொல்கிறது: 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால், விமானமோ பஸ்ஸோ ரயிலோ காரோ, ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களில் அப்படிப்பட்ட ஒரு விமானப் பயணத்துக்கு 6000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்று கணக்கிட்டார்கள். சிறிய எண்தான். அது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கான எண் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே அம்மா உட்கார்ந்த நேரத்தை முழுவதுமாகக் கூட்டிப் பாருங்கள். நீண்ட விமானம் 14, 15 மணி. இடையில் மாறும் விமான நிலையத்தில் சில மணி. அடுத்த விமானம் 4 மணி. பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கியதும் கார். சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்து சேர இன்னும் மூன்றரை, நாலு மணி. வீட்டுக்கு வந்தபின் அசதியில் இரண்டு நாள் படுக்கை. மருத்துவரிடம் 'விமானத்தில் வந்தார்' என்று மட்டும் சொல்லாமல் இந்தக் கணக்கை அப்படியே சொல்லுங்கள். பயணத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில்தான் ஆபத்து அதிகம். எட்டு வாரம்வரை மிச்சம் இருக்கும். ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் கால் வீங்குகிறவர் பயணத்தை மறந்தே போயிருப்பார், மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடலாம்.

பயணம் மட்டும் தனியாக யாரையும் தள்ளுவது அபூர்வம். கூட ஏதாவது ஒன்று இருக்கும். முன்பு ஒருமுறை உறைவு வந்திருப்பது எல்லாவற்றிலும் பெரியது. கடந்த சில வாரத்தில் பெரிய அறுவை சிகிச்சை, முக்கியமாக இடுப்பு அல்லது முழங்கால் மாற்று, காலில் மாவுக்கட்டு, புற்றுநோய், உடல் பருமன், நரம்பு சுருட்டிக்கொள்வது என்று நாம் சொல்லும் வெரிகோஸ், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு வந்திருப்பது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. கோயில், கல்யாணம் என்று ஊருக்கு வரும் பெண்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையையும் இதில் சேர்க்க வேண்டும். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மேலே சொன்னவற்றில் ஏதாவது இருந்தால் நீண்ட பயணத்தையும் அந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

உங்கள் தங்கைக்கும் இதைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரத்தில் உறைவின் ஆபத்து கர்ப்ப காலத்தைவிடவும் அதிகம். 'பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே, எழுந்து நடக்காதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அன்பால் சொல்வது இந்த விஷயத்தில் நேர் எதிராகப் போகிறது.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது காலுக்கான 'வீனஸ் டாப்ளர்', அதாவது சிரைகளைப் பார்க்கும் ஸ்கேன். வெறும் டாப்ளர் என்று சீட்டில் இருந்தால் தமனிகளைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடும் தவறு நடக்கிறது. கருவியால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை தட்டையாகிவிடும், உறைவு இருந்தால் அமுங்காது. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. இடுப்பு மடிப்பிலிருந்து கணுக்கால்வரை பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய சிரைகளின் உறைவு முதல் ஸ்கேனில் தப்பிவிடலாம். வீக்கம் தொடர்ந்தால் ஒரு வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். அது 'இல்லை' என்று சொல்வதற்கு மட்டும் நல்லது, அதுவும் சந்தேகம் குறைவாக இருக்கும்போது. காய்ச்சல், அறுவை, கர்ப்பம், வயது எல்லாமே அதை ஏற்றும். ஆகவே கூடுதலாக வந்தால் உறைவு உறுதி என்று பொருளில்லை. கால் தெளிவாக வீங்கியிருக்கும் உங்கள் அம்மா போன்றவர்களுக்கு நேராக ஸ்கேன்தான் சரி. ஸ்கேன் உடனே கிடைக்காது, சந்தேகமோ பலமாக இருக்கிறது என்றால், தடை ஏதும் இல்லாதபோது மருத்துவர் உறைவை வளரவிடாத மருந்தின் முதல் டோஸை அப்போதே கொடுத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பலாம். அப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள். டைக்ளோபினாக் 'வலி ஊசி' மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். வலி மறையும், உறைவு இருக்கும். பிறகு தொடங்கும் மருந்தோடு சேர்ந்து ரத்தக்கசிவையும் கூட்டும்.

திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துதல், இருமலில் ரத்தம், காரணமில்லாமல் படபடப்பு, மயக்கம் — இதில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் வரிசையில் நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 'வாயு பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரத்தை இழப்பது வழக்கமாக நடக்கும் தவறு. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் வைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே என்றால் அவசரம். 98 காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம், சிறிய அடைப்பில் அளவு குறையாது. சேலத்துக்கோ பெங்களூருக்கோ நேராகக் காரை விடாமல், பக்கத்து மருத்துவமனையில் ஆக்சிஜனும் முதல் மருந்தும் வாங்கிக்கொண்டு பிறகு நகர்வதே பாதுகாப்பு.

உறைவு உறுதியானால் சிகிச்சை குறைந்தது 3 மாதம். மருந்து உறைவைக் கரைப்பதில்லை. வளரவிடாமல் நிறுத்துகிறது, உடல் மெல்லத் தானே கரைத்துக்கொள்கிறது. வீக்கம் பத்து நாளில் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வந்து படுக்கிறார்கள். உறைவை வளரவிடாத ரிவராக்சபான் மாத்திரையை எழுதினால் வழக்கமாக முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை. இரண்டு அளவையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. 22-ஆம் நாள் அளவு மாறுவதை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அதே வேலையைச் செய்யும் வார்பரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். களியும் கீரைக் கடைசலும் சாப்பிடும் வீட்டில் கீரையை நிறுத்தத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் அளவை மாற்றாமல் இருந்தால் போதும். ஒரேயடியாக நிறுத்தினாலும் ஒரேயடியாகக் கூட்டினாலும் ஐ.என்.ஆர். தாறுமாறாகும். நடக்கலாம், படுத்தே கிடக்க வேண்டியதில்லை.

அடுத்த பயணத்துக்கு: கெண்டைச் சதையை வேலை வாங்குவதுதான் முதன்மை. உட்கார்ந்தபடியே மணிக்கு ஒருமுறை குதிகாலை 20, 30 தடவை தூக்கி இறக்க வேண்டும். விழித்திருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை நடைபாதையில் போய்வர வேண்டும். அதற்காகவே நடைபாதை ஓர இருக்கை. தூக்க மாத்திரை வேண்டாம், மடங்கிய காலோடு ஏழு மணி நேரம் அசையாமல் கிடப்பார்கள். 160 செ.மீ.க்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்குக் கால் தரையில் படாமல் இருக்கை விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும். நம் அம்மாக்களில் நிறையப் பேர் இந்த உயரம்தான். சிறிய பையைப் பாதத்துக்கு அடியில் வைத்துத் தொடையை உயர்த்தினால் போதும். நெட்டையானவர்கள், காலை அசைக்க இடம் கிடைக்க, அதே பையை மேலே வைத்துவிட வேண்டும்.

அழுத்தக் காலுறை கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும், முழங்காலுக்குக் கீழே நிற்கும் வகை. காலையில் வீக்கம் ஏறும் முன் கணுக்காலையும் கெண்டையையும் அளந்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு இறங்கினால் கயிறு கட்டியதுபோல் ஆகித் தீமை செய்யும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், கால் தமனி அடைப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இதற்காகத் தானாக ஆஸ்பிரின் போடுவதில் பலன் இல்லை. ஒருமுறை உறைவு வந்தவர்களுக்கு அடுத்த பயணத்துக்கு முன் உறைவைத் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக வீல்சேர். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு வழி தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் வீல்சேர் உதவி போட்டு அனுப்புகிறார்கள். அந்த உதவி தேவைதான். ஆனால் வாயிலில் விட்டபின் அதிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், எழுந்தால் வண்டி போய்விடும் என்ற பயம். 'எழுந்து நடக்கலாம், விமானம் ஏறும்போது அவர்களே வந்து கூப்பிடுவார்கள்' என்று கிளம்பும் முன்பே தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். ஊருக்கு வரும் காரையும் ஓசூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தி, பத்து நிமிடம் நடக்க வையுங்கள்.