வைல்டு பில் ஹிக்காக்: எல்லைப்புறக் காவலரா, வெறும் துப்பாக்கி வீரரா?

இரண்டும்தான். ஆனால் 'நூறு பேரைச் சுட்டுக் கொன்றவர்' என்ற பேச்சை நம்பாதீர்கள். அது அக்காலப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது.

'வைல்டு பில்' என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் பட்லர் ஹிக்காக் 1837இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காக வண்டியோட்டியாகவும் உளவு வீரராகவும் வேலை பார்த்தார். போர் முடிந்த 1865இல், மிசௌரியின் ஸ்பிரிங்பீல்டு நகரில் டேவிஸ் டட் என்பவரோடு மோதல். சூதாட்டக் கடனுக்கு ஈடாக ஹிக்காக்கின் சட்டைப்பைக் கடிகாரத்தை டட் எடுத்துக்கொண்டார். அதை வெளியில் அணிந்து வராதே என்று எச்சரித்தும் கேட்கவில்லை. நகரச் சதுக்கத்தில் சுமார் 75 கஜ தூரத்திலிருந்து ஹிக்காக் சுட்ட ஒரே குண்டில் டட் இறந்தார். நடுவர் குழு ஹிக்காக்கை விடுவித்தது.

என்னை உலுக்குவது 1871தான். கன்சாஸின் அபிலீனில் அவர் நகரக் காவல் தலைவர். அக்டோபர் இரவொன்றில் ஃபில் கோ என்ற சூதாடியைச் சுட்ட மறுநொடி, இருளில் ஓடிவந்த இன்னொரு உருவத்தையும் சுட்டுவிட்டார். அது அவருக்கு உதவ வந்த நண்பர் மைக் வில்லியம்ஸ். அதற்குப் பிறகு ஹிக்காக் துப்பாக்கிச் சண்டையில் யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. அந்த டிசம்பரிலேயே வேலையும் போயிற்று.

1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஜாக் மெக்கால் பின்னாலிருந்து அவரைச் சுட்டுக் கொன்றான்.