பிள்ளை கைக்கு வேலை கொடுங்கள்: மழலையர் வகுப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயதே இல்லை. இரண்டரை வயதுக்கும் நாலரை வயதுக்கும் கை வேறு, பொறுமை வேறு, கண்டதை வாயில் போடுகிற பழக்கம் வேறு. இனிமேல் வயது எழுதாத கடிதத்துக்குப் பதில் கிடையாது. முதல் கேள்விக்கு மட்டும் போனால் போகிறது.

"டீச்சர், என் மகன் ரொம்ப சேட்டை. ஏதாவது ஆக்டிவிட்டி சொல்லுங்க." (ஊர், பேர், வயது எதுவும் இல்லை)

ஒரு டம்ளர், ஒரு செம்பு, கால் வாளித் தண்ணீர், புறவாசல். மொண்டு ஊற்றட்டும். பக்கத்தில் நீங்கள், கையில் போன் இல்லாமல். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், மூன்று விரல் ஆழத் தண்ணீர்கூடச் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

"களக்காடு பக்கம் அங்கன்வாடி. 2 முதல் 5 வயது வரை இருபது பிள்ளைகள், ஒரே அறை, நானும் உதவியாளரும்தான். சாமான் வாங்கக் காசு இல்லை. என்ன செயல்பாடு நடத்த முடியும்?"

இருபது பேரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுக்கிற எண்ணத்தை முதலில் விடுங்கள். அதில் இரண்டு பேர் செய்வார்கள், மீதிப்பேர் அடித்துக்கொள்வார்கள். மூலைக்கு ஒரு வேலையாகப் பிரித்து ஐந்தைந்து பேராக விடுங்கள், மாறி மாறி வரட்டும்.

சாமான் இல்லை என்கிறீர்கள், ஆனால் சமையல் உங்கள் மையத்திலேயே நடக்கிறதே! முட்டை போடுகிற நாளில் அவித்த முட்டையை நன்றாக ஆறவிட்டு, கையைக் கழுவச் சொல்லி, அவரவர் முட்டையை அவரவர் உரிக்கட்டும். விரல் நுனிக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. கறிவேப்பிலை உருவலாம், கீரை ஆயலாம். உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் தண்ணீரில் போட்டு எது மிதக்கிறது என்று பார்க்கலாம், அப்புறம் அதே காய் சாம்பாருக்குப் போகட்டும். களக்காட்டில் வாழை மட்டைக்குப் பஞ்சமா? குறுக்கே வெட்டினால் அறை அறையாக இருக்கும், சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் அருமையான அச்சு. வெட்டுவது நீங்கள், ஒற்றுவது பிள்ளைகள். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, அதை அம்மாமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியதிலிருந்தே முன்பருவக் கல்வியும் அதன் சேவைகளில் ஒன்று. 'சோறு போடுற இடம்' என்று ஊர் சொல்வதை நீங்களே நம்பிவிடாதீர்கள்.

"மகளுக்கு 3 வயது. ஆன்லைனில் மாண்டிசோரி செட் 20,000 ரூபாய்க்கு மேல் போகிறது. வாங்கலாமா?" (பாளையங்கோட்டை)

வேண்டாம். அதில் வருகிற இளஞ்சிவப்புக் கோபுரம் என்ன? பத்து கனசதுரக் கட்டைகள், 1 செ.மீ.யில் தொடங்கி 10 செ.மீ. வரை. பெரியது சிறியதைக் கண்ணும் கையும் சேர்ந்து அறிவதற்கு. உங்கள் அடுக்களையில் ஒன்றுக்குள் ஒன்று போகிற எவர்சில்வர் டப்பா அடுக்கு இருக்குமே, அதைக் கீழே இறக்கிவையுங்கள். வரிசை தப்பினால் டப்பா உள்ளே போகாது, 'தப்பு' என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், டப்பாவே சொல்லிவிடும். இந்த முறையை வகுத்த மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் பிள்ளை புழங்குவது நிஜ டம்ளரும் நிஜத் துடைப்பமும்தான். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வாங்கிக் கொடுங்கள், 10 ரூபாய் நாணயத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இல்லாத சாமான்களை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். தொண்டையில் சிக்குகிற அளவு அதுதான்.

"எல்கேஜி வகுப்பில் பல்லாங்குழி ஆட குன்றிமணி வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எண்ணிக்கை சொல்லித்தர வேறு என்ன விளையாட்டு?" (கடையநல்லூர்)

எண்ணிக்கை கிடக்கட்டும், முதலில் அந்தக் குன்றிமணியை வகுப்பைவிட்டு வெளியே எடுங்கள், இன்றைக்கே. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், உள்ளே கடுமையான விஷம். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, பாசி கோக்க ஓட்டை போட்டது இன்னும் மோசம். பிள்ளை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வீட்டு வைத்தியம் வேண்டாம். முழுச் சிவப்பாக இருக்கிற மஞ்சாடி வேறு, ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இரண்டையும் தொடாதீர்கள். நாலு வயதுக்கு மேல் புளியமுத்து போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், மூக்கில் திணித்துக்கொண்டு வருகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்றாவது உண்டு. மூன்று வயதுக்குள் எந்த முத்தும் வேண்டாம்.

"தனியார் நர்சரியில் டீச்சர். தினமும் ஒரு ஆக்டிவிட்டி செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட வேண்டும். பிள்ளைகள் செய்தால் அழகாக வருவதில்லை, நேரமும் ஆகிறது. நானே ஒட்டி முடித்து அவர்கள் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறேன். சீக்கிரம் முடிகிற மாதிரி ஐடியா தாருங்கள்."

தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள்: கத்தரித்தது நீங்கள், ஒட்டியது நீங்கள், படத்துக்குச் சிரித்தது பிள்ளை. இதில் கற்றது யார்? உங்களுக்குத்தான் கைவேலை நன்றாகப் பழகியிருக்கிறது.

இந்த போட்டோ வியாதி வந்த பிறகு மழலையர் வகுப்பில் நடக்கிற கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. இருபத்தைந்து பிள்ளை, இருபத்தைந்து தெர்மோகோல் மயில், அத்தனைக்கும் கழுத்து ஒரே பக்கம் வளைந்திருக்கிறது. பிள்ளை செய்ததென்றால் ஒரு மயிலுக்கு மூன்று கண், ஒன்றுக்கு வால் தலையில் இருக்க வேண்டாமா? அடுத்தது இந்த 'ரெட் டே', 'யெல்லோ டே'. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக் குரூப்பில் தகவல் வரும், அந்த அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் மஞ்சள் சட்டை தேடுவார், காலையில் பிள்ளை மஞ்சள் சட்டையில் மஞ்சள் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். (பலூன் வேறு! வெடித்த துண்டு தொண்டையை அடைத்தால் எடுப்பது லேசில்லை.) பிள்ளை மஞ்சளைக் கற்றதா? ஒரு கூடையில் எலுமிச்சை, பச்சை மிளகாய், தக்காளி, வாழைப்பழம் எல்லாம் கலந்து வைத்து 'ஒரே நிறத்தைச் சேர்த்து வை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால் பத்து நிமிஷத்தில் கற்றிருக்கும். பழுக்கப்போகிற எலுமிச்சையை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு பிள்ளை திணறும் பாருங்கள், பாடம் நடக்கிற இடம் அதுதான், அதைப் போட்டோ எடுங்கள்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தினம் ஒரு புது ஆக்டிவிட்டி என்பதை வாரம் ஒன்றாக்குங்கள். திங்கட்கிழமை களிமண்ணைத் தொடவே தயங்கிய பிள்ளை புதன்கிழமை உருட்டும், வெள்ளிக்கிழமை அதற்குப் பேர் வைக்கும். அவசரமாக மாற்றினால் திங்கட்கிழமைத் தயக்கத்தை மட்டும்தான் ஐந்து நாளும் பார்ப்பீர்கள். போட்டோ கட்டாயம் என்றால் முடித்த பொருளை விட்டுவிட்டு வேலை செய்கிற கையைப் படம் எடுங்கள், கீழே பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். 'இது ஆச்சி வீட்டு ஆடு, படுத்திருக்கு' என்று ஒரு வரி போட்டால் போதும், அந்த உருண்டைக் களிமண்ணை எந்த அம்மாவும் குறை சொல்ல மாட்டார். களிமண்ணை விலைக்கு வாங்கவும் வேண்டாம், காருகுறிச்சிப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டால் கல் இல்லாமல் பிசைந்ததாகவே கிடைக்கும், ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் நாள்கணக்கில் வரும்.

"பின்னல் வேலை 4 வயதுக்கு வருமா?" (பத்தமடை)

பாய்க்குப் பேர்போன பத்தமடையிலிருந்து இந்தக் கேள்வியா? 1837-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்ட்டன் தொடங்கிய ஃப்ரோபெல் பிள்ளைகளுக்கு வகுத்த கைவேலைகளிலேயே காகிதப் பாய் பின்னல் இருந்தது. கோரை மெல்லிசு, இந்த வயதுக்கு வராது. கெட்டித் தாளை இரண்டு விரல் அகலத்தில் கீறி, இரண்டு நிறத்தில் கொடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்பது பிடிபட ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். ஓலையில் செய்ய ஆசைப்பட்டால் குருத்தோலை மட்டும். முற்றிய ஓலையின் ஓரம் விரலைக் கீறிவிடும், மட்டையின் கருக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"யூகேஜி வகுப்புக்குக் காந்தம் வாங்கினேன், சின்னச் சின்ன வட்டமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?" (திசையன்விளை)

கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அந்தச் சின்னக் காந்தம் இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தமாக ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உவரிக் கடற்கரை மணலில் விட்டுப் பாருங்கள், கறுப்புத் துகள் மயிர்க்கூச்செறிந்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பையை உருவினால் துகள் உதிரும். பை சுற்றாமல் விட்டால் சாயங்காலம் வரை நீங்கள்தான் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள்.

"மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கிக் காட்டலாமா?" (சேரன்மகாதேவி)

காட்டலாம். சுண்ணாம்பு உங்கள் கையில் மட்டும், கலக்கியதும் டப்பாவை மூடி மேல் அலமாரிக்கு. கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிள்ளைகளே செய்ய வேண்டும் என்றால் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள், நீலம் ஊதாவாகும்.

"மகள் (4 வயது) இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கிறாள், டீச்சர் வலது கைக்கு மாற்றச் சொல்கிறார். வெட்டவும் வரவில்லை." (வள்ளியூர்)

மாற்றாதீர்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், அதனால்தான் வெட்டு கோணுகிறது. இடது கைக்கென்றே கத்தரிக்கோல் விற்கிறது, நூறு ரூபாய் சொச்சம் இருக்கும். வாங்கி, அந்த டீச்சரிடமும் காட்டுங்கள்.