பொது வாழ்வில் உள்ளவர்களைப் பெரியவர்கள் சட்டென்று எடைபோடுவது எப்படி?

பொது வாழ்வில் உள்ள ஒருவரைச் சிறிது நேரம் கவனித்ததுமே, 'இவரை நம்பலாம்', 'இவர் நிலைக்கமாட்டார்' என்று முதியவர்கள் சொல்லிவிடும் திறனை உள்ளுணர்வு என்கிறோம். நெடுங்காலம் கண்டவற்றோடு மனம் தானாகவே ஒப்பிட்டு, காரணத்தை வரிசைப்படுத்தும் முன்பே எட்டிவிடும் முடிவு அது.

கன்னியாகுமரி மாவட்டத்து முதியவர்களிடம் இந்த ஒப்பீட்டுக்கான அனுபவம் நிறையவே உண்டு. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைய வழிவகுத்த, நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தைப் பற்றிச் சிறுவயதில் கேட்டு வளர்ந்து, 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராசர் வென்றதை இளமையில் கண்டு, பின்வந்த தேர்தல்களில் வாக்குறுதியையும் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்தே பார்த்த ஒருவருக்கு, மேடைப் பேச்சைவிட, தோற்ற பிறகும் ஊருக்கு வருகிறாரா, மனு கொடுக்க வந்தவரிடம் முகம் பார்த்துப் பேசுகிறாரா என்பவையே முதலில் கண்ணில் படும். எந்தத் தேர்தல் அறிக்கையையும்விட இவ்விரண்டும் அதிகம் சொல்லும் என்றே நானும் கருதுகிறேன். குளச்சல் மீனவர் நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துக் கடலின் நிலையைக் கணிப்பதும் இவ்வகையானதே.

வயது கூடினாலே இத்திறன் வந்துவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. தம் கணிப்பு பொய்த்த இடங்களையும் மறவாமல் திருத்திக்கொண்டவர்களிடமே அது கூர்மையாக இருக்கிறது, அவர்களும்கூட நேரில் காணாமல் கைப்பேசிக் காணொளியில் மட்டுமே பார்க்கும் தலைவரிடம் ஏமாறக்கூடும்.